மணிச்சத்தமும் சுத்துற வட்டமும்

இன்னைக்குக் கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் தொழில் விஷயம். மூணும் திருவனந்தபுரத்துல வந்து சேருது.

முதல்ல ஒரு கேள்வி. ஒரு வலைப்பக்கத்தைச் சொடுக்கினதும் திரை நடுவுல சின்ன வட்டம் ஒண்ணு சுத்த ஆரம்பிக்குது. எத்தனை நொடி பொறுப்பீங்க? அஞ்சு? பத்து? அதுக்குள்ள கை தானாகப் போய் மறுபடி அமுக்கிடும், இல்லையா?

"அந்தக் காலத்துல ஒரு கடுதாசிக்கு வாரக்கணக்கா காத்துக் கிடந்தோம். இப்ப உள்ளதுகளுக்கு அஞ்சு நொடி தாங்கல்லியே!" நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாரும் இதைச் சொல்லியிருப்பாங்க. இருபது வருஷத்துக்கு மேலா வலைத்தளங்களை வேகமாக்குறதையே பிழைப்பா வச்சிருக்கிற எனக்கு இதுல உடன்பாடு கிடையாது. மனுஷனுக்குப் பொறுமை அன்னைக்கும் இப்படித்தான் இருந்தது. நம்மளைக் காக்க வைக்கிற விதம்தான் மாறிப்போச்சு. எப்படி மாறிச்சுன்னு பார்க்கணும்னா அஞ்சலோட்டக்காரன்ல இருந்து ஆரம்பிக்கணும்.

கோலும் மணியும்

நான் நாகர்கோவில் பக்கம். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்க ஊரெல்லாம் திருவிதாங்கூரோட (அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியோட) சேர்ந்தது. தலைநகரம் திருவனந்தபுரம். திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தமா ஒரு தபால் துறை இருந்தது. அதுக்குப் பேரே 'அஞ்சல்'. 1951-ல இந்திய தபால் துறையோட இணையுற வரைக்கும் அது தனியாத்தான் ஓடிச்சு. 'ஓடிச்சு'ன்னு சும்மா சொல்லலை, நிஜமாவே ஓடினாங்க. மணி கட்டின கோலைக் கையில பிடிச்சுக்கிட்டு, கடுதாசிப் பையோட ஒருத்தர் ஓடுவார். அவர்தான் அஞ்சலோட்டக்காரன். மணிச்சத்தம் கேட்டா வழியில போறவங்க ஒதுங்கி வழிவிடணும்.

வேகம்னு பார்த்தா அது மனுஷக் கால் வேகம்தான். ஆனா அந்த மணியைக் கவனிங்க. ஊருக்குள்ள அஞ்சல் வந்துடுச்சுன்னு அது எல்லாருக்கும் சொல்லிடும். சத்தம் கேக்கலைன்னா இன்னும் வரலை. அவ்வளவுதான், குழப்பமே இல்லை. காத்திருக்கிறவனுக்குத் தன் காத்திருப்பு எந்த நிலையில இருக்குன்னு காதாலேயே தெரிஞ்சது.

"உங்க கால் வரிசையில இருக்கு"

அடுத்தது டிரங்க் கால். இந்தியாவுல எஸ்.டி.டி. வசதி முதன்முதல்ல 1960-ல லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவுல வந்தது. நம்ம பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அது வந்து சேர இன்னும் பல வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் வெளியூருக்குப் பேசணும்னா எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு நம்பரைச் சொல்லிப் பதிவு பண்ணணும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங்னு மூணு வகை. லைட்னிங்குக்குக் கட்டணம் பல மடங்கு. எதிர்முனையில குறிப்பிட்ட ஆளு வந்தாத்தான் பேசுவேன்னா அது பி.பி. கால். பக்கத்து வீட்டு நம்பரை விசிட்டிங் கார்டுல போட்டு ஓரத்துல 'பி.பி.'ன்னு அச்சடிச்சுக்கிட்ட சமாச்சாரமெல்லாம் இதுல இருந்து வந்ததுதான்.

பதிவு பண்ணிட்டு மணிக்கணக்கா உட்கார்ந்திருப்பாங்க. சில சமயம் நாள் பூராவும். ஆனா நடுவுல கூப்பிட்டுக் கேக்கலாம். "லைன் கிடைக்கலை சார், உங்க கால் வரிசையில இருக்கு"ன்னு ஒரு மனுஷக் குரல் பதில் சொல்லும். எரிச்சல் இருக்கத்தான் செஞ்சது. ஆனா நம்ம இடம் பறிபோகலைங்கிற தைரியமும் கூடவே இருந்தது. கட்டணம் கூடக் கொடுத்தவன் முன்னால போறான்னா, அந்த விதியும் எல்லாருக்கும் தெரிஞ்ச விதிதான்.

அப்புறம் வளைகுடாவுக்குப் பேசுற ஐ.எஸ்.டி. வந்தது. செயற்கைக்கோள் வழியாப் பேசினவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும்: "ஹலோ"ன்னு சொல்லிட்டுக் காத்திருப்போம், பதில் வராது, மறுபடி "ஹலோ"ம்போம், அதே நேரத்துல அங்க இருந்து பதில் வந்து ரெண்டும் முட்டிக்கும். புவிநிலைச் செயற்கைக்கோள் பூமியில இருந்து சுமார் 36,000 கி.மீ. உயரத்துல இருக்கு. நம்ம குரல் மேலே போய்க் கீழே இறங்க ஒரு கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. வெறும் அரை நொடிதான்! புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கிற மாதிரி பேச வைக்க அது போதும். நொடியில பாதி கூட மனுஷனை என்ன பாடு படுத்தும்னு நம்ம குடும்பங்கள் அப்பவே அனுபவிச்சாச்சு.

கழக்கூட்டம், 1999

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கழக்கூட்டத்துல டெக்னோபார்க் 1990-ல தொடங்கினது. இந்தியாவோட முதல் தொழில்நுட்பப் பூங்கா. 1995-ல அன்றைய பிரதமர் நரசிம்ம ராவ் வந்து நாட்டுக்கு அர்ப்பணிச்சார். அதே 1995-ல, ஆகஸ்ட் 15 அன்னைக்குத்தான் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அப்ப வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். 1999-ல நான் கழக்கூட்டத்துல வேலைக்குச் சேர்ந்தப்போ 56 கிலோபிட் மோடம் வந்தாச்சு. அதோட 'கீ...ங் கொர்ர்ர்' சத்தம் கேட்டாத்தான் உசிரு வந்த மாதிரி இருக்கும். (அதுவும் ஒரு மணிச்சத்தம்தான், யோசிச்சுப் பாருங்க.)

ஒரு சின்னக் கணக்கு. 56 கிலோபிட்னா நொடிக்கு அதிகபட்சம் 7 கிலோபைட். 100 கிலோபைட் போட்டோ ஒண்ணு இறங்க, எல்லாம் நல்லபடியா நடந்தாலே 14 நொடி. லைன் சரியில்லைன்னா அரை நிமிஷம். தமிழ்ப் பக்கம்னா இன்னொரு வேலையும் உண்டு. முதல்ல எழுத்துரு இறக்கணும். மலேசியாவுல முத்து நெடுமாறன் உருவாக்கின 'முரசு அஞ்சல்' அப்ப வெளிநாட்டுத் தமிழர் வீடுகள்ல பிரபலம். திருவிதாங்கூர் அஞ்சலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா அதே பேரு திரும்பி வந்ததுல எனக்கு ஒரு சந்தோஷம்.

வாடிக்கையாளர்கள் எல்லாரும் அமெரிக்காவுல. அவங்க சர்வரும் அங்கேதான். திருவனந்தபுரத்துல இருந்து நியூயார்க் நேர்க்கோட்டுல சுமார் 14,000 கி.மீ. கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் நொடிக்கு 2 லட்சம் கி.மீ. போகும். போய்வர குறைஞ்சது 0.14 நொடி. கேபிள் நேர்க்கோட்டுல போகாது, கடலுக்கடியில சுத்தி வளைச்சுப் போகும். அதனால நடைமுறையில 0.3 நொடி வரைக்கும் ஆகும். பக்கத்துல 30 சின்னப் படம் இருக்குன்னு வைங்க. அப்போதைய உலாவிகள் ஒரு சர்வர்கிட்ட ஒரே சமயத்துல ரெண்டு ரெண்டாத்தான் கேக்கும். அப்ப 15 தடவை போய்வரணும். நாலரை நொடி நடையிலேயே போச்சு! கம்பியை எவ்வளவு பருமனாக்கினாலும் இந்த நடை குறையாது. "வேகமான கனெக்‌ஷன் வாங்கியாச்சே, இன்னும் ஏன் மெதுவா இருக்கு?"ன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில். முப்பது படத்தை ஒரே படமா ஒட்டிக் கொடுக்கிறது, ஒருமுறை வாங்கினதை வீட்டுலயே வச்சுக்கிறது, சர்வரோட நகலை ஆளுக்குப் பக்கத்துல கொண்டு வந்து வைக்கிறது... எங்க தொழில்ல பாதி இந்த நடையைக் குறைக்கிற வேலைதான்.

கேபிள் அறுந்த வாரம்

2008 ஜனவரி 30. எகிப்துல அலெக்சாண்ட்ரியா பக்கத்துல கடலடி கேபிள் ரெண்டு சேதமாச்சு. இந்தியாவோட இணையத் திறன் ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சதா அப்ப செய்தி வந்தது. பழுது பார்த்து முடிக்க பிப்ரவரி ரெண்டாம் வாரம் வரை ஆச்சு.

எங்க குழு அப்ப ஒரு அமெரிக்க வாடிக்கையாளரோட வேலையில இருந்தது. இந்தியாவுல இருக்கிற அவங்க ஆட்கள் தினமும் பயன்படுத்துற பக்கம். முதல் நாள் போன் மேல போன், ஒரே திட்டு. ரெண்டாம் நாள் நுழைவுப் பக்கத்துல எங்க தலைவி ஒரு வரி போடச் சொன்னாங்க: 'கடலடி கேபிள் பழுது. பக்கம் திறக்க 30 நொடி ஆகலாம். நீங்க எழுதினது எதுவும் அழியாது.' பக்கத்தோட வேகத்துல ஒரு மாற்றமும் இல்லை. போன் மட்டும் அடங்கிப் போச்சு. கூப்பிட்ட ஒண்ணு ரெண்டு பேரும் "கப்பல் போய்ச் சேர்ந்துடுச்சா?"ன்னுதான் விசாரிச்சாங்க! திட்டிக்கிட்டு இருந்தவங்க ஒரே நாள்ல கூட்டாளி ஆயிட்டாங்க.

ஆராய்ச்சிக்காரங்க சொன்னது

இது எங்க தலைவி கண்டுபிடிச்ச புதுச் சங்கதி இல்லை. 1968-லயே ஐ.பி.எம்.-ல இருந்த ராபர்ட் மில்லர், கணினி பதில் சொல்ல 2 நொடிக்கு மேல ஆனா மனுஷனோட எண்ண ஓட்டம் அறுந்துபோகும்னு எழுதிட்டார். வலையே இல்லாத காலம் அது! 1982-ல அதே ஐ.பி.எம்.-ல டோஹர்ட்டியும் தடானியும் பதில் நேரம் அரை நொடிக்கும் கீழே வந்தா வேலை எப்படி மளமளன்னு கூடுதுன்னு காட்டினாங்க. 1993-ல யாக்கோப் நீல்சன் மூணு எல்லை சொன்னார்: 0.1 நொடின்னா உடனடி, 1 நொடின்னா கவனம் சிதறாது, 10 நொடி தாண்டினா ஆளு வேற வேலைக்குப் போயிடுவான்.

1985-ல ரெண்டு முக்கியமான கட்டுரை வந்தது. ஒண்ணு, பிராட் மையர்ஸ் எழுதினது. எத்தனை சதவீதம் முடிஞ்சதுன்னு காட்டுற பட்டை இருந்தா ஜனங்க அதையே விரும்புறாங்கன்னு அதுல சொன்னார். இன்னொண்ணு டேவிட் மைஸ்டர் எழுதின வரிசைகளோட மனோதத்துவம். சும்மா இருக்கிற நேரம் நீளமாத் தெரியும், எவ்வளவு நேரம்னு தெரியாத காத்திருப்பு நீளமாத் தெரியும், காரணம் சொல்லாத காத்திருப்பு நீளமாத் தெரியும், நியாயமில்லாத காத்திருப்பும் நீளமாத் தெரியும். அஞ்சலோட்டக்காரன் மணியையும் டிரங்க் ஆபரேட்டர் குரலையும் இதோட ஒப்பிட்டுப் பாருங்க. எல்லாம் விளங்கிடும்.

2009-ல கூகுள் ஒரு சோதனை பண்ணிச்சு. தேடல் முடிவுகளை வேணும்னே 0.1 முதல் 0.4 நொடி வரை தாமதிச்சுக் கொடுத்தாங்க. ஜனங்க தேடுறது 0.2 முதல் 0.6 சதவீதம் குறைஞ்சது. வேடிக்கை என்னன்னா, தாமதத்தை எடுத்த பிறகும் கொஞ்ச வாரம் அவங்க பழையபடி தேடலை. கண்ணுக்கே தெரியாத தாமதம்கூட மனசுல ஒரு கசப்பை விட்டுட்டுப் போகுது.

தம்பானூர் வரிசையும் தட்கலும்

இப்ப நம்ம எல்லாருக்கும் வலிக்கிற இடத்துக்கு வர்றேன். ரயில் டிக்கெட்!

தம்பானூர்ல இருக்கிற திருவனந்தபுரம் சென்ட்ரல் கட்டடம் 1931-ல திறந்தது. அங்க இருந்து நாகர்கோவில் வழியா கன்னியாகுமரிக்கு ரயில் வந்ததே 1979-லதான். கணினி வராத காலத்துல முன்பதிவு எல்லாம் பெரிய பெரிய ரிஜிஸ்டர்ல. திரும்பி வர்ற பயணத்துக்கு இடம் வேணும்னா அந்த ஊர் ஸ்டேஷனுக்குத் தந்தி போகணும், பதில் வர நாளாகும். 1980-கள்ல கணினி முன்பதிவு வந்தது. 1999-ல நாட்டோட எல்லா முன்பதிவு மையங்களும் ஒரே வலையில இணைஞ்சுது. அப்பவும் கவுன்டர்ல வரிசைதான். கால் கடுக்கும். ஆனா முன்னால எத்தனை தலைன்னு எண்ணிப் பார்க்கலாம். எவனாவது நடுவுல புகுந்தா "ஏய், பின்னால போல!"ன்னு நாலு பேர் சேர்ந்து சத்தம் போடலாம்.

2002 ஆகஸ்ட்ல ஐ.ஆர்.சி.டி.சி. தளம் வந்தது. முதல்ல டிக்கெட் கூரியர்ல வந்தது. 2005-ல இ-டிக்கெட். தட்கல் 1997-லயே தொடங்கினது. 2012 ஜூலைல அதோட நேரத்தைக் காலை 10 மணிக்கு மாத்தினாங்க. 2015 ஜூன்ல இருந்து ஏ.சி.-க்கு 10 மணி, மத்ததுக்கு 11 மணி. பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க, அம்மாவை ஆஸ்பத்திரியில பார்க்க ஓடுறவங்க, இன்டர்வியூவுக்குப் போறவங்க எல்லாரும் ஒரே நொடியில ஒரே கதவைத் தட்டினா கதவு என்ன ஆகும்? அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினா காலை 10 மணித் திணறலைப் பத்தின புகார் கொட்டிக் கிடக்கும்.

சும்மாவும் இருக்கலை. நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட்டா இருந்த திறனை 2014-ல 7,200 ஆக்கினாங்க. 2025 மே 22 அன்னைக்குக் காலை 10 மணிக்கு ஒரே நிமிஷத்துல 31,814 டிக்கெட் பதிவாச்சுன்னு ரயில்வே அறிவிச்சது. பத்து மடங்குக்கும் மேல! ஆனா ஜனங்களோட திருப்தி பத்து மடங்கு கூடினதா? இல்லை.

ஏன்னா வேகம் கூடினாலும் ரயில்ல படுக்கை கூடாது. முன்னே அரை மணி நேரத்துல தீர்ந்தது இப்ப ஒரு நிமிஷத்துல தீருது. தம்பானூர் கவுன்டர்ல முன்னால நின்ன இருபது தலையைக் கண்ணால பார்த்தோம். வலையில அந்த வரிசையே மறைஞ்சு போச்சு. வட்டம் மட்டும் சுத்துது. நான் நூறாவது ஆளா, லட்சமாவது ஆளா? தளம் மெதுவா இருக்கா, என் வீட்டு லைன் மெதுவா இருக்கா, இல்லை எவனோ எனக்கு முன்னால புகுந்துட்டானா? தெரியாதவன் சந்தேகப்படத்தான் செய்வான்.

அந்தச் சந்தேகம் வெறும் கற்பனையும் இல்லை. தட்கல் திறக்குற முதல் அஞ்சு நிமிஷத்துல உள்ளே நுழையப் பார்க்கிறவங்கள்ல பாதி வரைக்கும் தானியங்கி நிரல்கள்தான்னு 2025-ல ரயில்வேயே சொல்லிச்சு. அதுக்காகத்தான் 2025 ஜூலை 1 முதல் இணையத்துல தட்கல் போட ஆதார் சரிபார்த்த கணக்கு வேணும்னும், ஜூலை 15 முதல் ஆதாரோட இணைச்ச கைப்பேசிக்கு வர்ற ஓ.டி.பி.-யும் வேணும்னும் விதி வந்தது. முகவர்களுக்கு முதல் அரை மணி நேரம் கதவு அடைப்பு. வேகத்தைக் கூட்டுறது மட்டும் போதாது, வரிசையில நியாயமும் வேணும்னு கடைசியில ஒத்துக்கிட்டாங்கன்னு இதை நான் பார்க்கிறேன். நல்ல விஷயம்.

நமக்கு இதுல என்ன?

நிறைய இருக்கு. இந்தியாவுல காலை 10 மணின்னா நான் இருக்கிற ஒஹையோவுல கோடைக்காலத்துல நள்ளிரவு 12:30, குளிர்காலத்துல ராத்திரி 11:30. நம்மள்ல பலர் முழிச்சிருந்து அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவங்க. புது விதிப்படி ஆதார் இல்லாத பிள்ளைகளால இனி தட்கல் போட முடியாது. எழுபது வயசு அப்பாதான் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஓ.டி.பி. வர்றதைப் பார்த்து, அது காலாவதி ஆகறதுக்குள்ள அமுக்கணும். 25 வயசுப் பையனுக்கும் அவருக்கும் அதே கெடுதான். நிரல்களைத் தடுக்கிற வேலி முதியவங்களையும் தடுத்துடக் கூடாது. ஆதாயமும் நஷ்டமும் சமமா விழுறதில்லைங்கிறதை இந்தத் தளங்களைக் கட்டுறவங்க நினைப்புல வச்சுக்கணும். என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அதனால ஊருல இருக்கிறவங்களுக்குப் போன்லயே ஒரு ஒத்திகை பார்த்துடுங்க. பயணிகளோட பேர், வயசு எல்லாம் முன்கூட்டியே பட்டியல்ல சேர்த்து வைக்க வசதி இருக்கு, சேர்த்து வைங்க. ஆதாரோட இணைச்ச நம்பர் எந்த போன்ல இருக்குன்னு பார்த்துக்குங்க. வட்டம் சுத்தும்போது என்ன நடக்குதுன்னு அவங்களுக்குப் புரியும்படி சொல்லிக் கொடுங்க. "சும்மா இருங்கப்பா, வரும்"னு சொல்றதை விட, "இப்ப அது பாங்க்கிட்ட கேக்குதுப்பா, திரும்ப அமுக்காதீங்க"ன்னு சொன்னா அவருக்குக் கை நடுங்காது.

தளம் கட்டுற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தை வேகமாக்குங்க, அது நம்ம கடமை. எவ்வளவு முயன்றும் வேகமாக்க முடியாத இடத்துல ஆளோட இடம் எங்கே, ஏன் தாமதம், இன்னும் எவ்வளவு நேரம், எழுதினது பத்திரமா இருக்கா – இந்த நாலையும் சொல்லிடுங்க. கோலுல மணி கட்ட அஞ்சலோட்டக்காரனுக்குத் தெரிஞ்சிருந்தது. நமக்குத் தெரியாதா என்ன?